வாசகருக்கு மட்டும் தெரிந்த வரலாறு

ராபர்ட் ஹாரிஸ் 1992இல் வெளியிட்ட ‘ஃபாதர்லாண்ட்’ நாவலில் ஹிட்லர் தோற்கவில்லை. கதை நடப்பது 1964 ஏப்ரலில். அவருடைய 75ஆவது பிறந்தநாளுக்காகப் பெர்லின் தோரணம் கட்டிக்கொண்டிருக்கிறது. கதாநாயகன் சேவியர் மார்ச் குற்றப்பிரிவுத் துப்பறிவாளர். அந்நாட்களின் ஜெர்மன் நாளிதழ் ஒன்றில் ஓர் இசை விமர்சகர் பொரிந்து தள்ளுகிறார். லிவர்பூலிலிருந்து வந்த ஆங்கிலேய இளைஞர் சிலர் ஹாம்பர்கில் ஏதோ கூச்சலிடுகிறார்களாம், ஜெர்மானியப் பிள்ளைகள் அதைக் கேட்க அரங்கம் நிறையக் கூடுகிறார்களாம். குழுவின் பெயரை ஹாரிஸ் சொல்வதில்லை. அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

நம் உலகில் பீட்டில்ஸ் குழுவினர் 1960 முதல் 1962 வரை ஹாம்பர்கின் இரவு விடுதிகளில் பாடித் தேறியவர்கள். 1964 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் அவர்களே பிடித்திருந்தார்கள். நாவலின் கதை நடக்கும் அதே மாதம் அது. உலகை வென்றிருக்க வேண்டியவர்கள் அங்கே இன்னும் ஹாம்பர்க் மேடையிலேயே நிற்கிறார்கள். இது நாளிதழை வாசிக்கும் பெர்லின்வாசிக்குத் தெரியாது, திட்டும் விமர்சகருக்கும் தெரியாது. நமக்குத் தெரியும்.

மாற்று வரலாற்றுப் புனைவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் போர்களோடு நின்றுவிடுகிறது. எந்தப் போரில் யார் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இடையிடையே ஒளிந்திருக்கும் பாடகர்களையும் புத்தகங்களையும் திரைப்படங்களையும் வாசகர்கள் தேடிப்பிடித்து மகிழ்கிறார்கள், விமர்சகர்கள் அலங்காரம் என்று ஒதுக்குகிறார்கள். இந்த வகை எழுத்தின் உயிர் அந்தச் சின்னக் குறிப்புகளில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். சங்க அகப்பாடல்களில் உள்ளுறை உண்டு. தோழி ஒரு குளத்தையும் மீனையும் நாரையையும் சொல்லுவாள், தலைவனின் நடத்தை அதற்குள் இருக்கும். அங்கே சொல்பவளுக்கு உட்பொருள் தெரியும், மனமறிந்தே ஒளிக்கிறாள். மாற்று வரலாற்றிலோ பேசும் பாத்திரத்துக்குத் தன் பேச்சின் உட்பொருள் தெரியாது. அவருடைய உலகில் அந்தப் பொருளே இல்லை. அது ஆசிரியருக்கும் வாசகருக்கும் மட்டுமே சொந்தம். இந்த அறிவுப் பிளவை ஓர் எழுத்தாளர் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதை வைத்தே அவருடைய தரத்தை எடைபோடலாம்.

ஹாரிஸ் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது நாவலின் அமைப்பிலேயே தெரிகிறது. ‘அமெரிக்க அதிபர் கென்னடி பெர்லினுக்கு வரப்போகிறார்’ என்ற செய்தி தொடக்கத்திலிருந்தே அடிபடுகிறது. கென்னடி என்றதும் ஜான் கென்னடியின் முகத்தை நாமாகவே பொருத்திக்கொள்கிறோம். கதை நகர்ந்த பிறகே அவர் ஜோசப் கென்னடி, அதாவது ஜானின் தந்தை என்று புரிகிறது. நிஜ வாழ்வில் 1938 முதல் 1940 வரை லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்து, ஜெர்மனியோடு சமரசம் பேசியவர் அவர். நமக்குத் தெரிந்த வரலாற்றை நம்பிப் பெயரை வாசித்தோம், அந்த நம்பிக்கையே நம்மை ஏமாற்றியது. முதல் குறிப்பு வாசகரைத் தட்டிக்கொடுக்கிறது, இரண்டாவது எச்சரிக்கிறது.

மூன்றாவதுதான் நாவலின் மையம். மார்ச் விசாரிக்கும் கொலைகளில் இறந்தவர்கள் ஜோசப் பியூலர், வில்ஹெல்ம் ஷ்டுக்கார்ட் முதலிய உயரதிகாரிகள். இவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் நாஜி உயரதிகாரி ஹைட்ரிக் கூட்டிய கூட்டத்தில் கலந்துகொண்ட 15 பேரில் இருவர். ஐரோப்பிய யூதர்களைக் கொன்றொழிக்கும் வேலையை எந்தத் துறை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்று பேசிய கூட்டம் அது. நம் உலகில் அதன் நடவடிக்கைக் குறிப்பின் ஒரே ஒரு பிரதி தப்பியது. வெளியுறவுத் துறையின் மார்ட்டின் லூதருக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிரதி 1947இல் கோப்புகளிடையே கிடைத்தது. ஜெர்மனி வென்ற உலகில் அதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். யூதர்கள் கிழக்கே குடியேற்றப்பட்டார்கள் என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள், பிறகு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறார்கள். மார்ச் துப்புத் துலக்கிக் கண்டடைவது வாசகர் முதல் பக்கத்துக்கு முன்பே அறிந்த செய்தியை. பெயர் சொல்லாத பாடகர் குழுவை அடையாளம் கண்டு புன்னகைத்த அதே திறனைக்கொண்டு, பெயர் சொல்லப்படாத 60 இலட்சம் பேரையும் நாம் அடையாளம் காண வேண்டியிருக்கிறது. அந்தப் புன்னகை நம்மைத் தயார்ப்படுத்தவே வைக்கப்பட்டது என்பது அப்போது உறைக்கிறது.

இந்த உத்தி புதிதல்ல, பிறவியிலேயே வந்தது. முழுநீள மாற்று வரலாற்றுப் புனைவின் முன்னோடியாகக் கருதப்படுவது பிரெஞ்சுக்காரர் லூயி ஜெஃப்ருவா 1836இல் வெளியிட்ட நூல். அதில் நெப்போலியன் மாஸ்கோவில் முடங்கிக் கிடக்காமல் மேலே சென்று வெல்கிறார், ஈற்றில் உலகம் முழுவதையும் ஆள்கிறார். நடுவே ஓர் அத்தியாயம், யாரோ எழுதிய பொய் வரலாறு ஒன்றைக் கடிந்து பேசுகிறது. அந்தப் பொய் நூலின்படி பேரரசர் வாட்டர்லூவில் தோற்றுத் தொலைதூரத் தீவில் கைதியாக இறந்தாராம். இப்படியும் கற்பனை செய்வார்களா என்று ஜெஃப்ருவாவின் கதைசொல்லி கொதிக்கிறார். நெப்போலியன் செயின்ட் ஹெலினாவில் இறந்து அப்போது 15 ஆண்டுகளே ஆகியிருந்தன. தோல்வியின் காயம் ஆறாத வாசகர்களுக்கு, உங்கள் நிஜமே அங்கே அவதூறு என்று சொன்ன அத்தியாயம் எப்படி இருந்திருக்கும்!

பின்னாளில் வின்ஸ்டன் சர்ச்சில் இதே கதவைத் திறந்தார். 1930இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, லீ கெட்டிஸ்பர்க் போரில் வெற்றி பெறாமல் போயிருந்தால் என்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் தெற்குப் படைத் தளபதி லீ வென்றுவிட்ட உலகில் வாழும் ஒரு வரலாற்றாளர், தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கிறார். அவருடைய கற்பனை நம்முடைய பாடநூல். அடுத்த ஆண்டு ஜே. சி. ஸ்கொயர் தொகுத்த கட்டுரை நூலிலும் அது இடம்பெற்றது.

இந்தக் கண்ணாடிக்குள் கண்ணாடியை இலக்கியமாக்கியவர் ஃபிலிப் கே. டிக். 1962இல் வந்த ‘தி மேன் இன் தி ஹை காசில்’ நாவலில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதி ஜெர்மனியின் பிடியிலும் மேற்குக் கடற்கரை ஜப்பானின் பிடியிலும் இருக்கின்றன. வரலாறு கிளை பிரிந்த இடம் ஒரு துப்பாக்கிக் குண்டு. 1933 பிப்ரவரி 15 அன்று மியாமியில் ஜுசெப்பே ஸங்காரா ரூஸ்வெல்டை நோக்கிச் சுட்டார். நிஜத்தில் குறி தப்பி, சிக்காகோ மேயர் அன்டன் செர்மாக் காயமுற்று மறு மாதம் இறந்தார். நாவலில் குறி தப்பவில்லை. அங்கே ஒரு தடைசெய்யப்பட்ட நாவல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. நேச நாடுகள் போரில் வென்றதாகச் சொல்லும் அந்நூலின் தலைப்பு விவிலியத்தின் பிரசங்கி 12ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. நம் உலகமே அந்த உள்நாவலில் இருக்கிறது என்று எதிர்பார்த்துத் திறக்கும் வாசகருக்கு ஒரு திகைப்பு காத்திருக்கிறது. அதிலுள்ள உலகமும் நம்முடையதல்ல. அங்கே ரூஸ்வெல்டுக்குப் பின் அதிபராவது ரெக்ஸ்ஃபோர்ட் டக்வெல், போருக்குப் பிறகு பிரிட்டனே ஓங்கி நிற்கிறது. நிஜம் எங்கும் கிடைப்பதில்லை.

டிக் தன் நாவலில் தூவியிருக்கும் வெகுசனப் பண்பாட்டுப் பொருட்களும் இதே ஐயத்தைத்தான் வளர்க்கின்றன. ஜப்பானியக் கனவான்கள் பழைய அமெரிக்கப் பொருட்களைச் சேகரிக்கிறார்கள். வணிகத்துறை அதிகாரி டகோமி தன் விருந்தினருக்குத் தரும் மதிப்புமிக்க பரிசு ஒரு மிக்கி மவுஸ் கைக்கடிகாரம். உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கி என்று விற்கப்படுவது பட்டறையில் செய்த போலி. ஒருவர் ஒரே மாதிரியான இரண்டு ஸிப்போ லைட்டர்களைக் காட்டி, ஒன்று ரூஸ்வெல்ட் சுடப்பட்டபோது அவர் பையில் இருந்தது, மற்றது இல்லை, எது எது என்று தொட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்கிறார். ஒரு பொருளின் வரலாறு அதன் உலோகத்தில் இல்லை, அதைப் பற்றிய தாளில் இருக்கிறது. நாவலின் மொத்தக் கேள்வியும் அந்த உள்ளங்கையளவு பொருளில் அடங்கிவிடுகிறது. இந்தத் துறையில் நான் படித்த குறிப்புகளில் இதற்கு இணை இல்லை.

கிங்ஸ்லி ஏமிஸ் 1976இல் எழுதிய ‘தி ஆல்டரேஷன்’ டிக்குக்கே பதில் மரியாதை செய்கிறது. சீர்திருத்தக் கிறித்தவம் பிரிந்து போகாத உலகம் அது. மார்ட்டின் லூதர் கலகம் செய்யாமல் போப்பாண்டவர் ஆகிவிட்டார். மின்சாரத்துக்குத் தடை. இங்கிலாந்தின் பாடகர் பள்ளியில் சிறுவர்கள் இரவில் ஒளித்து வைத்துப் படிக்கும் நூல்களில் ஃபிலிப் கே. டிக்கின் ‘தி மேன் இன் தி ஹை காசில்’ ஒன்று. தலைப்பும் ஆசிரியரும் நம்முடையவை, கதை வேறு. திருச்சபை உடைந்துபோன ஓர் உலகத்தை அது கற்பனை செய்கிறது. கீத் ராபர்ட்ஸின் ‘காலியார்ட்’ இன்னொன்று. நம் ராபர்ட்ஸ் 1968இல் எழுதிய மாற்று வரலாற்று நூலின் பெயர் ‘பவான்’. ஐரோப்பிய அரசவைகளில் பவான் என்ற மெல்ல நடையிடும் நடனத்தை அடுத்து ஆடப்பட்ட துள்ளல் நடனம் காலியார்ட். ஏமிஸின் உலகில் சார்த்தர் ஒரு கத்தோலிக்கக் குரு, மெய்யியல் நூலை இலத்தீனில் எழுதியிருக்கிறார். இவை சிரிக்க வைக்கலாம். ஆனால் கதை எதைப் பற்றியது? பத்து வயதுப் பையனின் குரல் உடையாமல் காக்க அவனுக்கு விதையடிக்க முடிவெடுக்கும் பெரியவர்களைப் பற்றியது. ஒளித்துப் படிக்கும் அந்தப் புத்தகங்கள்தான், இந்த ஏற்பாடு இயற்கையானதல்ல, வேறு விதமாகவும் இருந்திருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லக்கூடிய ஒரே குரல்.

காமிக்ஸ் உலகில் இதே வேலையை ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986–87இல் 12 இதழ்களாக வந்த ‘வாட்ச்மென்’ தொடரில் செய்தார்கள். முகமூடி வீரர்கள் உண்மையிலேயே தெருவில் நடமாடும் நாட்டில் பிள்ளைகள் யாருடைய படக்கதையைப் படிப்பார்கள்? சூப்பர்மேன் அங்கே எடுபட மாட்டார். எனவே அங்கே கடற்கொள்ளையர் காமிக்ஸ் கொடிகட்டிப் பறக்கிறது. இதற்கு அவர்கள் ஒரு பதிப்பு வரலாறே எழுதிச் சேர்த்தார்கள். நம் உலகில் காமிக்ஸைச் சாடி 1954இல் வந்த ஃப்ரெட்ரிக் வெர்தாமின் நூல் கிளப்பிய பீதியும், அதைத் தொடர்ந்து வந்த தணிக்கை விதிகளும் ஈசி காமிக்ஸ் நிறுவனத்தை முடக்கின. அந்நிறுவனம் கடற்கொள்ளையர் இதழ் ஒன்றை நிஜமாகவே சில காலம் நடத்தியதுண்டு. மூரின் உலகில் அது முடங்கவில்லை. ஈசியில் வரைந்த ஜோ ஆர்லண்டோ என்ற நிஜ ஓவியர் அங்கே அந்தக் கதைகளால் புகழ் பெறுகிறார். அதற்குச் சான்றாக ஒரு பக்கத்தை அவரே வரைந்தும் கொடுத்தார். கதைக்குள் ஒரு சிறுவன் படிக்கும் கடற்கொள்ளையர் தொடரின் கறுப்புக் கப்பல், 1928இல் பெர்லினில் அரங்கேறிய பிரெக்ட்–வைல் இசை நாடகத்துப் பாடலிலிருந்து, அதன் ஆங்கில வடிவம் வழியாக வந்தது.

அதே தொடரில் நிக்சன் 1985இலும் அதிபராகவே இருக்கிறார். வாட்டர்கேட் ஊழல் ஏன் வெளிவரவில்லை என்பதற்கு விளக்கம் எங்கும் இல்லை. நம் உலகில் அதை வெளிக்கொணர்ந்த வுட்வர்ட், பெர்ன்ஸ்டைன் என்ற இரு செய்தியாளர்களின் பெயர் ஒரு விருந்தில் குரூரமான நகைச்சுவையாக வந்து போகிறது, அவ்வளவே. அவர்கள் செத்துவிட்டார்கள் என்று நாம் ஊகிக்கிறோம். கடைசி இதழில் ‘ஆர். ஆர்.’ என்ற முதலெழுத்துகளுடைய நடிகர் 1988 தேர்தலில் நிற்கக்கூடும் என்று செய்தி வருகிறது. 1987இன் வாசகர் உடனே ரீகன் என்று நினைப்பார், அவரோ ராபர்ட் ரெட்ஃபோர்ட். இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. நிக்சனை வீழ்த்திய கதையைச் சொன்ன 1976ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் வுட்வர்டாக நடித்தவர் ரெட்ஃபோர்டே. அந்தப் படம் அவ்வுலகில் எடுக்கப்பட்டிருக்க முடியாது. மூர் இதை நினைத்தாரா என்பது முக்கியமில்லை. தடயங்களை இவ்வளவு நெருக்கமாகப் பின்னிய படைப்பில் வாசகரே தொடர்ந்து நூற்கத் தொடங்கிவிடுகிறார்.

வரலாற்று மனிதர்களோடு கதை மனிதர்களையும் ஒரே பந்தியில் உட்கார வைக்கும் போக்கு 1990களில் வலுத்தது. வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய ‘தி டிஃபரன்ஸ் எஞ்சின்’ 1990இல் வந்தது. பாபேஜின் நீராவிக் கணிப்பொறி அங்கே வெற்றி பெற்றுவிட்டது. 1824இல் கிரேக்கத்தில் காய்ச்சலில் இறந்த பைரன் அங்கே பிரிட்டிஷ் பிரதமர். நம் உலகில் பிரதமரான டிஸ்ரேலி அங்கே வெறும் எழுத்துப் பிழைப்பாளர். டிஸ்ரேலி 1845இல் எழுதிய ‘சிபில்’ நாவலின் தூய நாயகி சிபில் ஜெரார்ட், இந்த நாவலில் லண்டன் தெருவில் உடலை விற்று வாழும் பெண்ணாக வருகிறார். அவரைக் கைவிட்டவர் எக்ரமண்ட். டிஸ்ரேலியின் நாவலில் அவரை மணந்துகொள்பவர் அதே எக்ரமண்ட்தான். ஏழைப் பெண்ணுக்கு உயர்குடிக் கணவரைத் தந்து வர்க்கப் பகையை ஆற்றிவிடலாம் என்று 1845இல் நம்பியவருக்கு 1990இல் எழுதப்பட்ட மறுப்பு இது. மூல நூலைப் படித்தவருக்கு மட்டுமே இந்த மறுப்பு கேட்கும். படிக்காதவருக்கும் கதை கெடாது. நல்ல ஒளிப்பு இப்படித்தான் இருக்க வேண்டும்.

கிம் நியூமனின் ‘ஆனோ டிராகுலா’ (1992) இந்தப் பந்தியை ஊர்த் திருவிழா ஆக்கிவிடுகிறது. டிராகுலா விக்டோரியா மகாராணியை மணந்து பிரிட்டனை ஆள்கிறார். பிரதமர் பாலிடோரி 1819இல் படைத்த ருத்வென் பிரபு. ஷெர்லாக் ஹோம்ஸ் தடுப்பு முகாமில் அடைபட்டிருக்கிறார், பிராம் ஸ்டோக்கரும் அங்கேதான். சில பக்கங்களில் பெயர்களின் நெரிசலில் கதை மூச்சுத் திணறுகிறது என்பது என் குறை. ஆனால் ஒரு குறிப்பு அசாதாரணமானது. லண்டன் கோபுரச் சிறையின் தலைவர் ஆர்லாக் பிரபு. இவர் 1922இல் வந்த ‘நோஸ்ஃபராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் பாத்திரம். அந்தப் படமே ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை அனுமதியின்றி எடுத்தது, பெயரை மட்டும் மாற்றியது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடுக்க, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. சட்டத்துக்குப் பயந்து டிராகுலா போட்ட வேடம்தான் ஆர்லாக். நியூமனிடம் முகமும் வேடமும் தனித்தனி ஆட்களாகி ஒரே அரசில் பதவி வகிக்கின்றன. அதே நாவலில் ஃபூ மான்சூவின் பெயர் சொல்லப்படுவதே இல்லை, பட்டத்தாலேயே சுட்டப்படுகிறார். அவரைப் படைத்த சாக்ஸ் ரோமர் இறந்தது 1959இல், பாத்திரத்தின் உரிமை அப்போது உயிரோடிருந்தது. ஒளித்தலுக்கு இப்படிச் சட்டமும் ஒரு காரணமாகிறது.

எல்லா ஒளிப்பும் இந்தத் தரத்தில் இல்லை. ஹாரி டர்ட்டில்டவ் நடிகர் ரிச்சர்ட் டிரைஃபஸுடன் சேர்ந்து எழுதிய ‘தி டூ ஜார்ஜஸ்’ (1995), அமெரிக்கா பிரிட்டிஷ் பேரரசிலேயே தங்கிவிட்ட உலகம். நிக்சனை நினைவூட்டும் ஒருவர் அங்கே வண்டி வியாபாரி, அது போகட்டும். மார்ட்டின் லூதர் கிங் அங்கே பட்டம் பெற்ற உயர்பதவிக்காரர். பாராட்டாக நினைத்தே செய்திருப்பார்கள். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. கிங்கை உருவாக்கியது அவர் பிறந்த நாட்டின் அநீதியும், அதை எதிர்த்து மான்ட்கோமரியில் பேருந்தைப் புறக்கணித்து நடந்தே வேலைக்குப் போன மக்களும். அநீதியும் இல்லை, அந்த மக்களும் இல்லை, பெயர் மட்டும் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது என்றால் அது யாருடைய பெயர்?

அதே டர்ட்டில்டவ் 2002இல் எழுதிய ‘ரூல்டு பிரிட்டானியா’வில் அந்தத் தவறு இல்லை. 1588இல் ஸ்பானியக் கடற்படை வென்று இங்கிலாந்தைப் பிடித்துவிட்டது. ஒன்பது, பத்து ஆண்டுகள் கழித்து இரண்டு தரப்பும் ஷேக்ஸ்பியரிடம் வருகின்றன. ஆள்வோருக்கு மன்னர் ஃபிலிப்பைப் புகழும் நாடகம் வேண்டும். எதிர்ப்போருக்கு ரோமானியரை எதிர்த்த பழங்கால அரசி பூடிக்காவைப் பற்றி, மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் நாடகம் வேண்டும். அவரை நெருங்கிக் கண்காணிப்பவர் லோப்பே டி வேகா. ஸ்பெயினின் பெரும் நாடகாசிரியரான இவர் 1588இல் அந்தக் கடற்படையில் நிஜமாகவே பயணம் செய்தவர். பூடிக்கா நாடகத்தின் வரிகளுக்கு டர்ட்டில்டவ் நாடியது ஜான் ஃப்ளெட்சரை. ஃப்ளெட்சர் அதே அரசியைப் பற்றி நாடகம் எழுதியவர், ஷேக்ஸ்பியரோடு சேர்ந்தும் எழுதியவர். ஷேக்ஸ்பியர் இங்கே வேறு ஷேக்ஸ்பியராகவே இருக்கிறார். பயப்படுகிறார், கூலி வாங்குகிறார், இரண்டு நாடகங்களையும் எழுதுகிறார். கலைஞரை அவருடைய காலத்தின் நெருக்கடியோடு சேர்த்து நகர்த்தியதால் இந்தக் கற்பனை நிற்கிறது.

மைக்கேல் சேபான் 2007இல் எழுதிய ‘தி யிடிஷ் போலீஸ்மென்ஸ் யூனியன்’ இழப்பைச் சொல்லும் விதம் மென்மையானது. ஐரோப்பிய யூத அகதிகளை அலாஸ்காவில் குடியேற்றலாம் என்று 1940 வாக்கில் அமெரிக்காவில் ஒரு திட்டம் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. நாவலில் அது நிறைவேறிவிட்டது. சிட்கா நகரில் இலட்சக்கணக்கானோர் யிடிஷ் பேசி வாழ்கிறார்கள். நம் உலகில், ஐரோப்பாவில் அந்த மொழியைப் பேசியவர்களில் பெரும் பகுதியினர் கொல்லப்பட்டார்கள். போகிறபோக்கில், ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘ஹார்ட் ஆஃப் டார்க்னஸ்’ படம் பேச்சில் வருகிறது. நிஜத்தில் வெல்ஸ் தன் முதல் படமாக எடுக்க நினைத்தது கான்ராடின் அந்தக் கதையைத்தான். அது கைகூடாமல் 1941இல் ‘சிட்டிசன் கேன்’ வந்தது. எடுக்கப்படாத படம், பேசுவோரை இழந்த மொழி, பிழைத்திருக்கக்கூடிய மனிதர்கள் எல்லாம் ஒரே உலகில் அருகருகே இருக்கின்றன. படத்துக்காக ஏங்கத் தெரிந்தவர் மனிதர்களுக்காக எவ்வளவு ஏங்க வேண்டும் என்பதைச் சேபான் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த எழுத்துமுறைக்கு ஒரு பலவீனம் உண்டு. வாசகரின் நினைவு தேய்ந்தால் குறிப்பும் தேய்ந்துவிடும். ஃபிலிப் ராத் இதை உணர்ந்திருந்தார். 2004இல் வந்த ‘தி ப்ளாட் அகைன்ஸ்ட் அமெரிக்கா’வில் விமானி சார்லஸ் லிண்ட்பெர்க் 1940 தேர்தலில் ரூஸ்வெல்டைத் தோற்கடிக்கிறார். நியூவார்க்கின் யூதக் குடும்பம் ஒன்று வாரந்தோறும் வானொலியில் கேட்கும் குரல் வால்டர் வின்செல். நாவலில் அவர் அதிபர் பதவிக்குப் போட்டியிடக் கிளம்பிச் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒரு காலத்தில் அமெரிக்க வீடுகளெங்கும் ஒலித்த அந்தச் செய்தியாளர் நிஜத்தில் 1972இல் நோயுற்று இறந்தார். 2004இன் இளைஞருக்கு அவர் யாரென்றே தெரிந்திருக்காது. தெரியாதவருக்கு அந்தக் கொலை வெறும் கதைத் திருப்பம், தெரிந்தவருக்கு வீட்டுக்குள் புகுந்த துப்பாக்கிச் சத்தம். ராத் இதை விதியிடம் விடவில்லை. நாவலின் பின்னே நிஜ மனிதர்களின் உண்மையான வாழ்க்கைக் குறிப்புகளை ஆண்டுகளோடு அச்சிட்டார். கூடவே, லிண்ட்பெர்க் 1941 செப்டம்பர் 11 அன்று அயோவாவின் டெ மாய்ன் நகரில், அமெரிக்காவைப் போருக்குத் தள்ளுபவர்களில் யூதர்களும் உண்டு என்று குற்றம் சாட்டிப் பேசிய உரையை முழுமையாகச் சேர்த்தார். கதையில் அவர் எவ்வளவோ இட்டுக்கட்டியிருக்கிறார். அந்த உரையில் மட்டும் ஒரு சொல்லையும் அவர் மாற்ற வேண்டியிருக்கவில்லை.